ஆலுகட்ட, பங்காளாதும்ப, உர்லகட்ட: ஐதராபாத் நியோக்கித் தட்டில் ஒரு சொல் வரலாறு

ஐதராபாத்தின் மெகதிப்பட்டணம் ரைத்து பஜாருக்கு உருளைக்கிழங்கு வாங்க வருவோர் எல்லாரும் அதனை ஒரே பெயரால் கேட்பதில்லை. தெலங்கானா மாவட்டத்தவர் ‘ஆலுகட்ட’ என்பர். விசயவாடாவிலிருந்தோ காக்கிநாடாவிலிருந்தோ வந்து குடியேறியவர் ‘பங்காளாதும்ப’ என்பர். கடப்பை, சித்தூர்ப் பகுதியினரிடம் ‘உர்லகட்ட’ என்ற சொல்லைக் கேட்கலாம். மூன்றும் தெலுங்கே. விற்பவருக்கு மூன்றும் விளங்கும். அவர் அள்ளிப் போடுவது ஒரே கிழங்கைத்தான்.

அந்தக் கிழங்கு இன்று கறியாகவும் குருமாவாகவும் மட்டும் முடிந்துவிடுவதில்லை. மாதாப்பூர், கச்சிபௌலி அடுக்ககச் சமையலறைகளில் அது வேகவைத்து மசிக்கப்பட்டு, மைதாவுடன் பிசையப்பட்டு, இத்தாலிய நியோக்கியாக உருள்கிறது. மேலே பேசில் இலையை அரைத்த பச்சை நிறப் பெஸ்தோ. முதல் பார்வைக்கு இது முழுக்க அயல் உணவு. ஆனால் அந்தத் தட்டில் உள்ள பொருள்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், எது நம்முடையது, எது வந்தது என்ற எளிய கணக்கு நிலைகுலைகிறது. அயலிலிருந்து வந்த கிழங்கு உள்ளூர்ப் பெயரோடு அமர்ந்திருக்கிறது. ஆசியாவில் பிறந்த இலை அயலார் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது. சொல்லின் வயதைப் பொருளின் வயதாகக் கொள்ளும் பழக்கம் வரலாற்று எழுத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த ஒரு தட்டு தெளிவாகக் காட்டும்.

முதலில் மூன்று தெலுங்குப் பெயர்கள். ‘கட்ட’, ‘தும்ப’ என்ற பின்னொட்டுகள் இரண்டும் கிழங்கைக் குறிக்கும் தெலுங்குச் சொற்கள். வேறுபாடு முன்னொட்டில் உள்ளது. ‘ஆலு’ வட இந்தியப் பெயர். ‘பங்காளா’ என்பது வங்காளம். ‘உர்ல’ என்பது தமிழின் ‘உருளை’யோடு உறவுடையது. தெலுங்கு வட்டார வழக்குகளை வடக்கு, தெற்கு, கிழக்கு, மையம் என நான்காகப் பகுத்துக்காட்டியவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி. அவர் தலைமையில் உருவான வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி வேளாண்மைக்கு உரியது, 1962இல் வெளிவந்தது. உழவரின் சொற்கள் ஊருக்கு ஊர் மாறுவது குறைபாடு இல்லை, அது ஒரு ஆவணம் என்ற பார்வையை அந்தப் பணி தெலுங்கு மொழியியலில் நிலைநிறுத்தியது. அதே பார்வையை உருளைக்கிழங்கின் பெயர்கள்மீது செலுத்தினால், அவற்றின் எல்லைகள் பழைய ஆட்சி எல்லைகளோடு பெரும்பாலும் பொருந்தி நிற்பது தெரியும்.

‘ஆலுகட்ட’ வழங்கும் தெலங்கானா, நிசாமின் ஆட்சியில் இருந்த நிலம். அங்கு அரசு மொழி உருது. சந்தை மொழிகளில் ஒன்று தக்கனி. 1918இல் தொடங்கிய உசுமானியா பல்கலைக்கழகமே உருதுவைப் பயிற்றுமொழியாகக் கொண்டிருந்தது. புதிய காய்கறிக்கு அரசும் சந்தையும் பேசிய மொழியின் பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ‘பங்காளாதும்ப’ வழங்கும் கடலோரம், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் வழியாக நிசாமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்ற வட சர்க்கார் பகுதி. கல்கத்தாவுக்கும் மசூலிப்பட்டினத்துக்கும் இடையே கடல்வழி திறந்திருந்த கரையில் ‘வங்காளக் கிழங்கு’ என்ற பெயர் இயல்பாக விளங்கும். ‘உர்லகட்ட’ வழங்கும் இராயலசீமை, 1800இல் நிசாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களைச் சார்ந்தது. தமிழ், கன்னட நிலங்களை ஒட்டியது. மூன்று சொற்களுக்குப் பின்னால் மூன்று அண்டை உறவுகள் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பெயர் வந்த வழியே பொருளும் வந்தது என்று உடனே முடிவு கட்டலாகாது. 1874இல் ஐதராபாத்துக்கு வந்த முதல் இருப்புப்பாதை, வாடி சந்திப்பில் பம்பாய்த் தடத்தோடு இணைந்தது. பம்பாயில் உருளைக்கிழங்குக்குப் பெயர் ‘படாடா’. சரக்கு அந்த வழியே வரத் தொடங்கிய பின்னும் ஐதராபாத் ‘படாடா’வை ஏற்கவில்லை. மூட்டை ஒரு வழியில் வரலாம். பெயர் வேறொரு வழியில் வரலாம்.

‘படாடா’வின் கதை கடல் கடந்தது. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை ‘பதாதா’ என்றனர். போர்ச்சுகீசியர் அச்சொல்லை மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தனர். மராத்தியும் குசராத்தியும் கொங்கணியும் அதனை உருளைக்கிழங்குக்குச் சூட்டின. இலங்கையில் சிங்களம் ‘அர்தாபல்’ என்கிறது. அது ‘நிலத்து ஆப்பிள்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லின் திரிபு. தமிழும் மலையாளமும் யாரிடமும் கடன் வாங்காமல், கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தைக் கொண்டு ‘உருளைக்கிழங்கு’ என்று பெயரிட்டன. புதிய பொருளை எதிர்கொள்ளும் மொழிக்கு உள்ள வழிகள் ஏறத்தாழ இவைதாம்: கடன் வாங்குதல், வடிவத்தை விவரித்தல், வந்த இடத்தைச் சுட்டுதல், பழைய பெயர் ஒன்றை நீட்டித்தல்.

நான்காவது வழிதான் வரலாற்று மாணவரை அதிகம் ஏமாற்றுவது. ‘ஆலு’ அத்தகையது. உருளைக்கிழங்கு தென்னமெரிக்காவின் ஆண்டிசு மலைகளில், தித்திகாகா ஏரியைச் சூழ்ந்த உயர்நிலத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கப்பட்டது. 16ஆம் நூற்றாண்டுக்கு முன் அது அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் இல்லை. ஆனால் ‘ஆலு’, ‘ஆலுக’ என்ற கிழங்குப் பெயர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே சமற்கிருத மருத்துவ நூல்களில் உள்ளன. அவை குறித்தவை சேனை, சேம்பு, வள்ளி போன்ற பிற கிழங்குகளை. பழைய பொருளின் எச்சங்கள் இன்றும் கிடைக்கின்றன: குசராத்தியில் ‘ரதாலு’ ஊதா நிற வள்ளிக்கிழங்கு, இந்தியில் ‘கச்சாலு’ சேம்பின் வகை. மராத்திய வீடுகளில் செய்யும் ‘அளுவடி’யில் சுருட்டி வேகவைக்கப்படுவது சேம்பிலை. உருளைக்கிழங்குக்குப் ‘படாடா’ என்ற கடன்சொல்லை மராத்தி வாங்கிக்கொண்டதால், ‘அளு’ பழைய பொருளிலேயே தொடர முடிந்தது. இந்தி தன் பழைய சொல்லைப் புதிய கிழங்குக்குக் கொடுத்துவிட்டது. ஒரு மொழி கடன் வாங்கியதால் தன் பழஞ்சொல்லின் பொருளைக் காத்துக்கொண்டது. மற்றொரு மொழி கடன் வாங்காததால் அதனை இழந்தது.

ஐதராபாத்தில் இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அந்நகரச் சமையலில் ‘ஆலு புகாரா’ என்ற பொருள் உண்டு. அது உலர்ந்த பிளம். இந்த ‘ஆலு’ பாரசீகச் சொல். பிளம் வகைப் பழத்தைக் குறிப்பது. பாரசீகத்தில் சர்க்கரைப் பாதாமிக்குப் பெயர் ‘சர்தாலு’, அதாவது மஞ்சள் ஆலு. ஐதராபாத்தின் புகழ்பெற்ற ‘குபானி கா மீட்டா’ அந்தப் பழத்தில்தான் செய்யப்படுகிறது. சமற்கிருத மரபில் வந்த கிழங்கு ஆலுவும் பாரசீக மரபில் வந்த பழ ஆலுவும் ஒலியால் ஒன்று, உறவால் வேறு. பழைய சமையல் குறிப்பு ஒன்றில் ‘ஆலு’ என்று கண்ட மாத்திரத்தில் உருளைக்கிழங்கு எனப் படிப்பவர் இரண்டு முறை தவறலாம்.

தவறியதற்குச் சான்றும் உண்டு. மொகலாய அவைக்கு வந்த ஆங்கிலத் தூதர் தாமசு ரோவின் குருவாக இருந்தவர் எட்வர்டு டெர்ரி. ஆசப்கான் அளித்த விருந்தில் நன்கு சமைத்த ‘பொட்டேட்டோ’ பரிமாறப்பட்டதாக அவர் எழுதினார். இந்தியாவில் உருளைக்கிழங்கு பற்றிய முதல் குறிப்பு என்று இது திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. ஆனால் அக்கால ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதன்மையாகச் சர்க்கரைவள்ளியைக் குறித்தது. டெர்ரி உண்டது எது என்பதை அந்தச் சொல்லை மட்டும் கொண்டு தீர்மானிக்க இயலாது. நமக்குக் கிடைப்பது ஒரு சொல், கிழங்கு கிடைப்பதில்லை.

இனி நியோக்கி. ‘உருளைக்கிழங்கு நியோக்கி’ என்ற தொடரை இத்தாலியின் தொன்மையான உணவாகவே பலரும் எண்ணுவர். நியோக்கி என்ற பெயர் தொன்மையானதுதான். அதற்கு மரக்கணு என்றோ விரல்முட்டி என்றோ பொருள் கூறுவர். எப்படியாயினும் அது வடிவத்தின் பெயர். 1570இல் வெளியான பார்த்தலோமேயோ ஸ்காப்பியின் சமையல் நூலில் வரும் நியோக்கி மாவும் ரொட்டித்தூளும் கொண்டு செய்யப்படுவது. உருளைக்கிழங்கு அப்போதுதான் ஐரோப்பாவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இத்தாலியர் அதற்கு முதலில் சூட்டிய பெயர், மண்ணுக்கடியில் விளையும் ஒருவகை விலையுயர்ந்த காளானின் பெயரை ஒட்டியது. செருமானியரின் ‘கார்தோபல்’ அதிலிருந்தே பிறந்தது. நியோக்கிக்குள் உருளைக்கிழங்கு புகுந்து நிலைத்தது 18, 19ஆம் நூற்றாண்டுகளில். 1891இல் பிளாரன்சில் பெல்லெக்ரினோ அர்தூசி தன் செலவில் வெளியிட்ட சமையல் நூலில் அது இடம்பெற்றுவிட்டது. பழைய ‘ஆலு’வுக்குள் நுழைந்த அதே கிழங்கு, பழைய ‘நியோக்கி’க்குள்ளும் நுழைந்து, முன்பு இருந்தவற்றை மறக்கச் செய்தது.

தமிழர்க்கு இது புதிய அனுபவம் அன்று. கொழுக்கட்டையும் வடிவத்தின் பெயரே. அரிசி மாவிலும் செய்யலாம், கோதுமையிலும் கேழ்வரகிலும் செய்யலாம், பெயர் மாறாது. சிறு உருண்டைகளாக உருட்டி வேகவைத்துத் தாளிக்கும் அம்மிணிக் கொழுக்கட்டையை ஒரு நியோக்கித் தட்டின் அருகே வைத்தால் உறவு எளிதில் புலப்படும்.

நியோக்கி செய்முறையில் வெற்றியும் தோல்வியும் நீரின் அளவைப் பொறுத்தவை. கிழங்கில் நீர் மிகுந்தால் மாவு அதிகம் வேண்டும். மாவு மிகுந்தால் நியோக்கி ரப்பர் போல ஆகும். மாவைக் குறைத்தாலும் கேடுதான். ஒரு பெண்மணி கரண்டியை விட்டுக் கிளறியபோது பானையிலிருந்த நியோக்கி கரைந்து காணாமற்போன கதையை அர்தூசி நகைச்சுவையோடு சொல்கிறார். அவர் தரும் அளவு 400 கிராம் கிழங்குக்கு 150 கிராம் கோதுமை மாவு. ஐதராபாத்தில் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்துவதில்லை. குளிர்காலத்தில் சகீராபாத் பகுதியிலிருந்து வரும் புதிய கிழங்கில் நீர் அதிகம். வட இந்தியக் குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் இருந்து வரும் கிழங்கில், குளிரின் விளைவாக மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அதில் செய்த நியோக்கி சற்று இனிக்கும், வாணலியில் இட்டால் விரைவில் கருகும். 1949இல் பாட்னாவில் தொடங்கப்பட்டுப் பின்னர்ச் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், வறுவல் தொழிலுக்கென ‘குப்ரி சிப்சோனா’ வகைகளை உருவாக்கியது. அவற்றில் உலர்பொருள் மிகுதி, சர்க்கரை குறைவு. வறுவலுக்கு வேண்டிய அதே குணம் நியோக்கிக்கும் வேண்டும்.

வீட்டு முறை இதுதான். கிழங்கைத் தோலோடு வேகவைக்க வேண்டும். வெட்டி வேகவைத்தால் நீர் குடிக்கும். சூடு ஆறுமுன் தோலுரித்து, இடியாப்ப நாழியில் இட்டுப் பிழிந்தால் கட்டியில்லாமல் மசியும். அகன்ற தட்டில் பரப்பி ஆவி போகவிட்டு, உப்பும் மைதாவும் தூவி, சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசையாமல் இலேசாகச் சேர்க்க வேண்டும். கயிறாக உருட்டி, விரல்நுனி அளவு துண்டுகளாக்கி, முள்கரண்டியின் முதுகில் உருட்டினால் வரிகள் விழும். அந்த வரிகளில்தான் பெஸ்தோ தங்கும். கொதிக்கும் உப்புநீரில் இட்ட துண்டு மேலே மிதந்துவந்தால் வெந்துவிட்டது.

பெஸ்தோவில் முதன்மையானது பேசில் இலை. கடையில் அதனை ‘இத்தாலியத் துளசி’ என்று விற்பதும் உண்டு. உண்மையில் பேசில் வெப்பமண்டல ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் உரிய செடி. தமிழில் அது திருநீற்றுப்பச்சிலை; தெலுங்கில் ருத்ரசட. ஒன்று சிவனின் நீற்றையும் மற்றொன்று அவன் சடையையும் நினைவூட்டும் பெயர்கள். கிரேக்கர் அதனை ‘அரசருக்குரியது’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ‘பேசில்’ அதிலிருந்து வந்தது. சமற்கிருத மருத்துவ நூல்களிலோ அதன் பெயர்களுள் ஒன்று ‘பர்பரி’. அயலாரையும் நாகரிகமற்றோரையும் குறித்த ‘பர்பர’ என்ற சொல்லோடு ஒலி ஒத்தது. தொலைவிலிருந்த கிரேக்கர் அரச மதிப்பைத் தந்த செடிக்கு, அருகிலிருந்தோர் அயலார் பெயரைச் சூட்டியதுபோல் தோன்றும்.

ஐதராபாத்துக்கு அந்தச் செடி ஒருபோதும் அறிமுகமற்றதாக இருந்ததில்லை. சார்மினாரைச் சுற்றியுள்ள கடைகளின் பலூடாவில் கருமணிகளாக மிதக்கும் சப்ஜா விதை பேசிலின் விதைதான். யுனானி மருத்துவர் அதனை ‘துக்மே ரைகான்’ என்பர். தமிழ்நாட்டின் நன்னாரி சர்பத்திலும் அதே விதை ஊறுகிறது. விதை குளிர்பானத்தில் இருந்தது, இலை பூசையிலும் மருந்திலும் இருந்தது; அரைத்து உண்ணும் வழக்கம் மட்டும் இல்லை. இன்று பேசில் இலையைக் காசு கொடுத்து வாங்குபவர், தாம் பலமுறை பருகிய விதையின் இலை அது என்பதை அறிவதில்லை. மூன்று பெயர்கள் மூன்று பொருள்களாக மனத்தில் பிரிந்து கிடக்கின்றன. ஒன்று மட்டும் குறிப்பிட வேண்டும்: இந்தியாவில் எண்ணெய்க்காகப் பயிரிடும் பேசில் வகைகள் பலவற்றில் சோம்பை ஒத்த வாசம் மேலோங்கும். ஜெனோவா வகையின் மணம் அதனின் வேறு. இனம் ஒன்றானாலும் நாவுக்கு அவை ஒன்றல்ல.

‘பெஸ்தோ’ என்ற சொல்லோ செயலின் பெயர்; இத்தாலியத்தில் ‘இடி’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. கல்லுரலில் பூண்டும் உப்பும் பேசில் இலையும் பைன் பருப்பும் இடித்து, பாலாடைக்கட்டித் தூளும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பது ஜெனோவா மரபு. 1863இல் ஜொவான்னி பத்திஸ்தா ராத்தோ வெளியிட்ட ஜெனோவா சமையல் நூல் அதன் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றைத் தருகிறது. தெலுங்கர் இதனை மொழிபெயர்க்க நேர்ந்தால் புதிய சொல் தேட வேண்டியதில்லை. ‘ரோலு’ என்றால் உரல். உரலில் இடித்த துவையல் ‘ரோட்டி பச்சடி’. தமிழின் ‘துவையல்’ என்பதும் இடித்தல், மிதித்தல் என்ற பொருள்களையுடைய ‘துவை’ என்னும் வினையிலிருந்து பிறந்தது. பொருள்கள் வேறு, மூன்று மொழிகளும் பெயரிட்டது ஒரே கைச்செயலுக்கு. மின் அரைப்பானில் நெடுநேரம் ஓடவிட்டால் சூட்டால் இலை கருக்கும் என்ற எச்சரிக்கையும் இரு மரபுக்கும் பொது. பைன் பருப்புக்குப் பேகம் பஜாரின் உலர்பழக் கடைகளில் கிடைக்கும் சில்கோசா நெருங்கிய உறவு. விலை தாங்காதவர் நிலக்கடலையோ முந்திரியோ சேர்க்கின்றனர். அந்த நொடியில் பெஸ்தோ பச்சடியை நோக்கி ஓர் அடி வைக்கிறது.

இவை அனைத்தும் சமையலறைச் சுவைக்கு மட்டும் உரியவை அல்ல. 1956இல் ஒன்றிணைந்து 2014இல் பிரிந்த இரு தெலுங்கு நிலங்களுக்கிடையே நிலவிய மனக்குறைகளுள் மொழியும் ஒன்று. கடலோர மாவட்டங்களின் கற்றோர் வழக்கே எழுத்துத் தெலுங்குக்கு அடிப்படையானது. தெலங்கானா வழக்கு ‘உருது கலந்தது’ என ஏளனம் செய்யப்பட்டது. காளோஜி நாராயணராவ் பிறந்த செப்டம்பர் 9 இன்று தெலங்கானா மொழி நாளாகக் கொண்டாடப்படுவதன் பின்னணி அதுவே. அந்த ஏளனத்தின் தருக்கத்தை உருளைக்கிழங்கின்மேல் வைத்துப் பார்க்கலாம். ‘ஆலுகட்ட’ உருதுவின் வழி வந்ததால் தூயதன்று என்றால், வங்காளத்தின் பெயரைத் தாங்கிய ‘பங்காளாதும்ப’ எவ்வாறு தூயதாகும்? தமிழோடு உறவுடைய ‘உர்லகட்ட’வை எந்தத் தட்டில் வைப்பது? மூன்றும் ஓர் அமெரிக்கக் கிழங்கைத் தெலுங்காக்கிய மூன்று முயற்சிகள். அவற்றுள் ஒன்று பாடநூலில் ஏறியதற்குக் காரணம் மொழியியலில் இல்லை; அதிகாரம் எங்கே இருந்தது என்பதில் உள்ளது.

பழைய நூலில் ‘ஆலு’ உண்டு, ஆகவே பண்டை இந்தியர் உருளைக்கிழங்கை அறிந்திருந்தனர் என்று வாதிடுவோர் ஒருபுறம். பேசில் என்ற பெயரைக் கேட்டதும் அந்தச் செடியை இத்தாலிக்கு எழுதிக்கொடுப்போர் மறுபுறம். இருவரும் செய்வது ஒரே பிழை. தமிழிலும் இதற்கு இடமுண்டு. ‘மிளகு’ பழஞ்சொல், அதிலிருந்து பெயர்பெற்ற மிளகாய் அமெரிக்கக் காய். மணத்தக்காளி நம் மண்ணின் கீரை. ‘சீமை’ என்ற அடைமொழியோடு வந்த தக்காளி, நாளடைவில் அடைமொழியை உதிர்த்துவிட்டு வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஒரு சொல்லை நூலில் கண்டதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘இது எவ்வளவு பழையது’ என்பதன்று. ‘அந்தக் காலத்தில் இந்தச் சொல் எதைக் குறித்தது’ என்பதே. அதற்கு விடை தேட அகராதி மட்டும் போதாது. செடியும் சந்தையும் சமையலறையும் வேண்டும்.

மெகதிப்பட்டணம் சந்தையில் தராசைப் பிடித்திருப்பவர் இதனை எந்த நூலிலும் படித்ததில்லை. ஆனால் மூன்று பெயர்களில் எதைச் சொன்னாலும் அவர் கை தவறாமல் அதே கூடைக்குத்தான் செல்கிறது.